கோட்டிக்குப் போன ஜம்புநாதன்

மூன்றாவது கட்டிடத்தின் முன்னால் நின்றபோது ஜம்புநாதனுக்கு நாற்காலி போட்டார்கள்.

அவன் உட்கார வரவில்லை. கையிலிருந்த காகிதத்தில் 'மூன்று: பழைய லேவாதேவிக்காரர் மாளிகை. மாடியில் மரப் பால்கனியைக் கவனிக்கவும்' என்று இருந்தது. அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தான். அதற்குள் கீழே துணிக்கடையிலிருந்து ஒரு சேட் ஓடிவந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் துண்டாலேயே துடைத்து, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பின்னாலேயே ஸ்ட்ரா போட்ட கூல்டிரிங்க்ஸ் ஒன்று வந்தது.

ஹைதராபாத்காரர்கள் விருந்தோம்பல் மிக்கவர்கள் என்று அவன் கேள்விப்பட்டதுண்டு. ஆனால் குடித்து முடிக்கும்வரை சேட் கைகட்டி நின்றது சங்கடமாக இருந்தது.

ஜம்புநாதன் மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தான். சொந்த ஊர் பாளையங்கோட்டை. வந்து இரண்டு வருஷம் ஆகியும் அவனுடைய ஹிந்தி ஆட்டோக்காரர்களோடு நின்றுபோயிருந்தது. திங்கட்கிழமை லண்டனிலிருந்து ஒரு வங்கி அதிகாரி வருகிறார். கம்பெனிக்கு அவர்தான் பெரிய கிராக்கி. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் பணம் புழங்கிய தெருவைத் தனியாக நடந்து பார்ப்பது அவருக்குப் பழக்கம். வழிகாட்டி கூடாது, கார் கூடாது, கையில் ஒரு காகிதம் போதும்.

நகரத்துக்கு மேற்கே 'ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட்' என்று ஒரு போர்டு இருந்தது. போர்டுக்குப் பின்னால் பாறைதான் இருந்தது. ஆகவே பழைய ஊரில் கோட்டி என்ற பகுதியின் வங்கித் தெருவே கதி என்று முடிவாகி, காகிதம் தயாரிக்கும் வேலை ஜம்புநாதனிடம் வந்தது. நாற்காலியை விட்டு எழாமல், இன்டர்நெட்டிலிருந்தே ஒன்பது நிறுத்தங்களை எழுதி முடித்தான். மேனேஜர் விஜயகுமாரி படித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நடந்து பார்த்தீங்களா?"

சனிக்கிழமை பார்த்துவிடுவதாகச் சொன்னான். சொல்லாமல் முடியாது. இவனா, பக்கத்து சீட் உமாசங்கரா, யாரை இரண்டு வருஷம் லண்டனில் வைத்துக்கொள்வது என்று அந்த அதிகாரிதான் முடிவு செய்யப்போகிறார். உமாசங்கரிடம் இரவுச் சாப்பாட்டு ஏற்பாட்டைக் கொடுத்திருந்தார்கள். பிரியாணி வாங்கித் தருவதில் யாரும் தோற்றதில்லை.

காலையில் கோட்டிக்குப் போய்விட்டு வருகிறேன் என்றபோது மனைவி சாந்தா தோசைக்கல்லிலிருந்து திரும்பவில்லை. அவர்கள் ஊர்ப்பக்கம் கோட்டி என்றால் பைத்தியம்.

"அதுக்கா பஸ் ஏறிப் போறீய?" என்றாள்.

பத்து மணிக்கு கோட்டி பஸ் நிறுத்தத்தில் இறங்கிக் காகிதத்தைப் பிரித்தான். முதல் கட்டிடத்தில் யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை. அண்ணாந்து பார்த்தான், தூண்களை எண்ணினான், அடுத்ததற்கு நடந்தான். இரண்டாவது கட்டிடத்தில் மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். மூன்றாவதில்தான் நாற்காலி.

நான்காவது கட்டிடத்துக்கு எத்தனை காலடி என்று காகிதத்தில் இருந்ததைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தான். நடைபாதையில் துணி விரித்திருந்தவர்கள் அவனுக்கு முன்னால் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். நூற்று நாற்பதாவது அடியில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் குறுக்கே வந்து, இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்து, ஹிந்தியில் வேகமாகப் பேசினார். அவனுக்குப் புரிந்தது கடைசி வாக்கியம் மட்டும்: கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், பாதியாவது விட்டுவிடுங்கள்.

அப்போதுதான் ஜம்புநாதனுக்குப் பொறி தட்டியது. கண்ணாடி, இன் பண்ணிய சட்டை, கையில் காகிதம். தன்னை வருமான வரி அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள்.

முதல் வேலையாகக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். கண்ணாடிக் கடைக்காரரின் முகம் இன்னும் வெளிறியது. நல்ல வார்த்தை சொல்லித் தேற்றலாம் என்று, தனக்குத் தெரிந்த ஹிந்தியில், கட்டிடம் அழகாக இருக்கிறது, ரொம்பப் பழையது, நூற்றைம்பது வருஷம் இருக்குமே என்று புன்னகையோடு சொன்னான். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, எதிர்வரிசையைக் காட்டி, எல்லை மீறினவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களைப் பாருங்கள் என்றாள். எதிர்வரிசைக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். நடுத்தெருவில் சண்டை மூண்டது.

அதிகாரி இல்லை, சாதாரண ஆள்தான் என்று காட்ட, ஐந்தாவது கட்டிடத்தில் ஒரு பேனா வாங்கினான். கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். வற்புறுத்தி மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தான். லஞ்சம் வாங்காத ஆள் என்ற சேதி அவனுக்கு முன்னால் ஆறாவது கட்டிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு வயதான அம்மாள் அழுதுகொண்டிருந்தாள்.

எட்டாவது கட்டிடத்தில், தூரத்திலிருந்து அலங்கார வளைவைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பியபோது அவனைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றார்கள். இதற்குமேல் மறைப்பதில் பயனில்லை, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்தான். ஹிந்தி, தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றையும் கலந்து நிதானமாக விளக்கினான். நான் பெரிய ஆள் இல்லை. என்னால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. திங்கட்கிழமை லண்டனிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். அவர் ஒவ்வொரு கட்டிடமாகத் தானே பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்க்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ வக்கீலைக் கூப்பிடச் சொன்னார்கள். துணிக்கடை சேட் அவன் கழுத்தில் மாலை போட்டார்; அது வரவேற்புக்கா, வேறு எதற்காவதா என்று அவனுக்கு விளங்கவில்லை.

மாலையோடு ஓடிப்போய் ஒன்பதாவது நிறுத்தத்துக்குள் நுழைந்தான். அது இரானி ஹோட்டல். 'இங்கே தேநீர் அருந்தி நடையை நிறைவு செய்யலாம்' என்று அவனே எழுதியிருந்தான். மூலை மேஜையில் உட்கார்ந்து, மாலையைக் கழற்றி வைத்து, இரண்டு டீ குடித்த பிறகு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தான். யோசித்துப் பார்த்தால் காரியம் கெட்டுப்போகவில்லை. காலடிக் கணக்கு சரியாக இருந்தது. பால்கனி இருந்தது, வளைவு இருந்தது. லண்டன் அதிகாரியை இவர்கள் யாரும் வரிக்காரர் என்று நினைக்கப்போவதில்லை. நினைத்தாலும் நாற்காலி போடுவார்கள், அவ்வளவுதான். உமாசங்கரின் பிரியாணிக்கு யார் மாலை போடப்போகிறார்கள்?

சாந்தாவுக்குப் போன் செய்தான்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டு. ஒரு கட்டிடத்துக்கும் ஒரு குறையும் இல்ல. அப்படியே நிக்கி. இன்னும் நூத்தம்பது வருஷத்துக்கு அசையாது பாத்துக்கோ."

அவன் போனை வைத்ததும் எதிர் பெஞ்சிலிருந்து ஒரு காக்கிச் சட்டைக்காரர் எழுந்து வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையிலிருந்த தகர டப்பாவை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, கூச்சத்தோடு சிரித்தார்.

"சார் தமிழா? நான் சாம்பசிவம், சிகந்திராபாத் லாலாகுடா. தாத்தா காலத்துல ரயில்வேக்கு வந்த குடும்பம். தெரிஞ்சிருந்தா காலையிலயே பேசியிருப்பேன். பத்து மணியிலேர்ந்து சார் பின்னாலதான் வர்றேன்."

ஜம்புநாதனுக்கு இரக்கமாகிவிட்டது. பயப்பட வேண்டாம் என்று சொல்லி, அவருக்கும் ஒரு டீ வரவழைத்து, அவருடைய கடை எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது என்று கேட்டான்.

"எனக்கு ஏது சார் கடை? நான் ரோடு அகலம் பண்ற ஆபீஸ். புது இன்ஜினீயர் ரொம்பக் கறாரு, கண்ணாடி போட்டுக்கிட்டு பேப்பரோட வருவாரு, பேச்சு நக்கோ, ஒண்ணும் கேட்காதே, அவரு எங்க நின்னு அண்ணாந்து பார்க்கிறாரோ அங்கெல்லாம் இடிக்கிறதுக்கு சிவப்புக் குறி போட்டுட்டே வான்னு அனுப்பினாங்க. எட்டு கட்டிடத்துக்குப் போட்டாச்சு சார், இந்த ஹோட்டலுக்கு எந்தப் பக்கம் போடட்டும்?"