உர மானியத்துக்குப் பயந்த கப்பல்காரர்

கண்டி மாவட்டத்திலேயே, அரசாங்கம் காசு தருகிறது என்று கேட்டதும் ஓடி ஒளிந்த ஒரே ஆள் எங்கள் கப்பல்காரர்தான். மனுஷன் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. கெலிஓயாவுக்கு உள்ளே அரை ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். எந்தப் படிவத்தை நீட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இதுல கையெழுத்துப் போட்டா கப்பல்ல ஏத்திருவாங்களா மிஸ்?" பெயர் அப்படி வந்தது.

நான் அப்போது அங்கே கமநல சேவை நிலையம் என்கிற விவசாய அலுவலகத்தில் எழுதுவினைஞர், அதாவது குமாஸ்தா. ஒவ்வொரு போகத்துக்கும் உர மானியப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது என் தலையில் விழுந்த வேலை.

"உரம் வாங்க பேங்குல காசு போடுறாங்க ஐயா. அவ்வளவுதான்."

"சும்மா குடுக்குறவன் எதுக்கு கையெழுத்து கேக்குறான்?"



அலுவலக மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே வாய்க்காலுக்குள் இறங்கிவிடுவார். ஒருநாள் வரப்புக்கு மேலே தொப்பி மட்டும் நகர்வதைப் பார்த்துவிட்டு, "மீன் பிடிக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டேன். "ஆமா மிஸ்" என்றார். உள்ளே முழங்காலளவு சேறுதான் இருந்தது.

பிறகு புதிதாக ஒரு வெளிக்கள அதிகாரி வந்தார். வயலை அளக்கப் போனவர், இவரிடமே இவர் பெயரைச் சொல்லி, ஆள் எங்கே என்று விசாரித்திருக்கிறார்.

"அவரு செத்து ஒரு மாசமாகுது சேர்" என்று துண்டால் கண்ணைத் துடைத்தாராம் நம்மவர்.

"ஐயோ, எப்படி?"

"பயத்துலதான்."

அதிகாரி இரக்கப்பட்டு, பதிவேட்டில் பெயரை வெட்டிவிட்டார். அடுத்த வாரமே வயல் சொந்தக்காரரின் மருமகன் வந்து நின்றான். செய்கிறவர்தான் இல்லையே, வயலைத் தன் பெயரில் பதியுங்கள் என்றான். ரொம்ப நாளாகவே அதில் அவனுக்கு ஒரு கண்.

சேதி கேட்டு, காலில் சேறோடு ஓடி வந்தார் கப்பல்காரர். 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு படிவம் எடுத்து வைத்தேன். அன்றோடு பதிவேட்டை மூடுகிறார்கள்; நாலு மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வயல் கைமாறிவிடும். பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். செத்த ஆள் உயிருக்குப் பயப்படுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு அப்ப எட்டு வயசு மிஸ்" என்றார். "தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கும் இலங்கைக்குமா பிரிச்ச காலம். அப்பா எங்க எல்லாருக்கும் ஒரே பிரஜாவுரிமைப் படிவம் போட்டாரு. அக்காவுக்கு பதினெட்டு முடிஞ்சிருச்சுன்னு தனி படிவம். கையெழுத்துப் போட்டுச்சு. எங்களுக்கு இந்த நாடுன்னு வந்துச்சு, அதுக்கு இந்தியான்னு வந்துச்சு. கப்பல்ல தனியா ஏத்துனாங்க."

"அப்புறம்?"

"ரெண்டு கடுதாசி வந்துச்சு. அதோட சரி."

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. 'ஒன்னும் ஆகாது ஐயா' என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்த அக்காவிடமும் யாரோ ஒரு எழுதுவினைஞர் அதைத்தான் சொல்லியிருப்பார். மணி மூன்றே முக்கால்.

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களும் பக்கத்துல போடுங்க மிஸ். ஏத்துனா ரெண்டு பேரையும் சேத்து ஏத்தட்டும்."

படிவத்தில் அதற்கு இடமே இல்லை. ஓரத்தில் போட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரும் போட்டார். வயல் தப்பியது, அந்தப் போகத்து மானியமும் வந்தது. அதன்பின் அவர் படிவங்களில் எல்லாம் இரண்டு கையெழுத்து. ஏன் என்று மேலிடத்தில் கேட்டபோது, "இங்க அப்படித்தான் வழக்கம்" என்று துணிந்து சொன்னேன்.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கும் பயமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படிப் போனவர்கள் உண்டு. ஆனாலும் கப்பல்காரர் துணைக்கு வருகிறார் என்றால் நான் ஏறியிருப்பேன்.