மூச்சு வாங்கிய கதை

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனருக்கு,

இங்கு உங்கள் அக்காவும் மருமகளும் நலம். நானும் நலம்தான், இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது.

எண்ணூறு மீட்டர் ஓடி முடித்ததும் நம் பெண் மைதானத்தில் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்குகிறாள், ஆக்சிஜன் வைக்கலாமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நான் ஒன்றும் சும்மா நிற்பதில்லை. ஸ்டாப்வாட்சைக் காட்டி, எந்த வளைவில் எத்தனை விநாடி போயிற்று என்று அங்கேயே விளக்குவேன். அப்படியும் தெளியமாட்டாள். நீங்களோ, ஆக்சிஜன் தேவையே இல்லை, கொஞ்சம் உட்கார வைத்தால் தானே அடங்கும் என்று எழுதினீர்கள். இருபது வருடம் நர்ஸாக இருப்பவர் சொன்னால் கேட்க வேண்டியதுதான். ஆனால் மறுநாளே, "எனக்கு ஓட்டமே வேணாம்பா, செலக்‌ஷனுக்கும் வரல" என்று சொல்லிவிட்டாள். ஆறு வருட உழைப்பு, மச்சான். பெற்ற மனம் கேட்குமா? ஒரு சிலிண்டரை வாடகைக்கு எடுத்துவிட்டேன்.

கடைக்காரர் அதை இயக்கும் முறையை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, நான் அவருக்குப் பெண்ணின் ஓட்ட நேரங்களை விளக்கிக்கொண்டிருந்தேன். அதை இரண்டு பேர் மூன்று மாடி தூக்கி வந்ததைப் பார்த்த கீழ்வீட்டுக்காரர், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று முடிவுகட்டிப் பழத்தோடு வந்து, கதவைத் திறந்த என்னையே "நீங்க எந்திரிச்சு நடக்கலாமா?" என்று கடிந்துகொண்டார், பின்னாலேயே எதிர்வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார், வீட்டுச் சொந்தக்காரர் வந்து வாடகை ஒப்பந்தத்தை உங்கள் அக்கா பெயருக்கே மாற்றித் தருவதாகப் பெருந்தன்மையோடு சொன்னார், உங்கள் அக்காவோ சிலிண்டர் மேல் 'அருகில் நெருப்பு கூடாது' என்றிருந்ததைப் படித்துவிட்டு அடுப்பையே பற்றவைக்காமல் வந்த பழங்களை வைத்து மூன்று நாள் ஓட்டினாள், சரி, மைதானத்துக்கே கொண்டுபோவோம் என்றால் பயிற்சியாளர், "இது கிரவுண்டா, ஐசியூவா?" என்று வாசலிலேயே மறித்துவிட்டார். தேர்வு வரைக்கும் மட்டும் ஓடிப் பார் என்று பெண்ணைச் சம்மதிக்க வைத்து, வெளியே மதில் ஓரமாகச் சிலிண்டரை நிறுத்தி நாற்காலி போட்டேன்.

ஆனால் பலனைக் கேளுங்கள். ஓடி வந்ததும் ஐந்து நிமிடம் மாஸ்க். முதல் நாளே முகம் தெளிந்தது. நாலாம் நாள் சிரித்தாள். நேற்று தேர்வில் இரண்டாவதாக வந்து அணியில் இடம் பிடித்துவிட்டாள்! விஞ்ஞானம், மச்சான், விஞ்ஞானம்! நீங்கள் வருத்தப்பட வேண்டாம், ஆனைக்கும் அடி சறுக்கும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. எல்லோரையும் நன்றாக மூச்சு விடச் சொல்லவும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கடைக்காரர் சிலிண்டரை எடுக்க வந்துவிட்டார். மேலே இருக்கிற பெரிய வால்வை நான் திறக்கவே இல்லையாம். இத்தனை நாளும் சின்னக் குமிழை மட்டும் திருகியிருக்கிறேன். நிரப்பிக் கொடுத்தது அப்படியே இருக்கிறதாம்.

பெண்ணிடம் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "முதல் நாளே தெரியும்பா, அதுல ஒண்ணுமே வரல" என்றாள். பின்னே ஏன் மாட்டிக்கொண்டாய் என்றேன்.

"மாஸ்க் போட்டிருந்தா நீங்க கேள்வி கேக்கல. ஸ்டாப்வாட்ச பைக்குள்ள வெச்சிட்டு, முதுகத் தடவிக்கிட்டுப் பேசாம உக்காந்திருந்தீங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாஸ்க்கை மட்டும் விலைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த போட்டியில் அவள் ஓடி வந்ததும் அதை நான் மாட்டிக்கொள்ளப் போகிறேன்.