மாயவரம் வரை டிக்கெட்

முழுக் கட்டணம் கொடுத்து ரயிலேறுகிறவனை மனிதனாகவே மதிக்காத ஜீவன் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மயிலாப்பூரில், எங்கள் மெஸ் மாடியில், எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தது. கன்செஷன் மாமா என்போம். பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை.

நான் சொல்வது முப்பதுகளின் சங்கதி. ரயில் கட்டணம் அப்போது கத்திரிக்காய் விலை மாதிரி ஏறி இறங்கும். பண்டிகை வந்தால் போக வரச் சலுகை டிக்கெட். புதிதாகப் பஸ் விட்ட ஊருக்கு ரயில்காரர்களும் போட்டிக்குக் குறைப்பார்கள். மெயிலுக்கு ஒரு விலை, பாசஞ்சருக்கு ஒரு விலை. அத்தனையும் மாமாவுக்கு மனப்பாடம். ஊருக்குப் போகிறேன் என்று எவனாவது வாயைத் திறந்தால் தொலைந்தான்.

"நேர் டிக்கெட் வாங்கிடாதேடா, அசடு! விழுப்புரம் வரைக்கும் பஸ் போட்டியில குறைச்சிருக்கான். அங்கே இறங்கி மறு டிக்கெட் வாங்கு!"

ஒரு மார்கழித் திருவாதிரைக்கு மெஸ்ஸே திரண்டு சிதம்பரம் கிளம்பியது. சலுகை கிடைக்கச் சிதம்பரம் தூரம் போதவில்லை. மாமா அசருவாரா? நடுவில் இறங்கிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறதே! எல்லோருக்கும் சிதம்பரத்தைத் தாண்டி மாயவரம் வரை வாங்கிவிட்டார். நடராஜரைத் தரிசித்துவிட்டுத் திரும்பலாமென்றால் மனுஷன் விடவில்லை.

"மாயவரத்துல நமக்கு என்ன மாமா ஜோலி?" என்றேன்.

"டிக்கெட் இருக்கே! காசு கொடுத்த தூரத்தைப் போகாம விட்டா ரயில்காரனுக்குன்னா லாபம்?"

போனோம். திரும்பும் வண்டி வரும்வரை மாயவரம் பிளாட்பாரத்தில் இட்லியாகத் தின்று தீர்த்தோம். மிச்சம் பிடித்ததெல்லாம் இட்லிக்காரனுக்குப் போயிற்று. மாமா மட்டும் பரமானந்தமாக இருந்தார்.

பிறகு ஒரு நாள் திருநெல்வேலியிலிருந்து எனக்குத் தந்தி வந்தது. மனைவிக்குத் தலைப்பிரசவம், நிலைமை மோசம், உடனே புறப்படவும். மாமாதான் என்னை எழும்பூருக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். டிக்கெட் ஜன்னலில் அவர் முந்திக்கொண்டார். ஐயோ, இப்போது விழுப்புரக் கணக்கை ஆரம்பிப்பாரே! மெயில் போய்விடுமே!

"வாங்கோ மாமா! பாசஞ்சர்தானே? அதுதான் குறைச்சல்" என்றார் பழகிய குமாஸ்தா.

"விலையை யார் ஓய் கேட்டா? மெயிலுக்குக் கொடும், சீக்கிரம்!"

மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் என்னைப் பெட்டிக்குள் தள்ளினார்.

தாயும் பிழைத்தாள், பெண்ணும் பிழைத்தது. மாம்பலத்தில் நாங்கள் குடித்தனம் வைத்ததும் மாமா வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தார். அம்மா ஜாடையா, அப்பா ஜாடையா என்றெல்லாம் ஆராயவில்லை.

"டேய், மூணு வயசு வரைக்கும் இவளுக்கு டிக்கெட்டே கிடையாது! வீணாக்கிடாதே!"

வீணாக்கவில்லை. மூன்று வயது முடிவதற்குள் அவளுக்குக் காசி யாத்திரையே ஆகிவிட்டது. வழிநெடுக மாமா மடிதான். தூங்குகிற குழந்தையைக் கொடுங்கள், உங்கள் கால் மரத்துப்போகும் என்று நாங்கள் எத்தனை கெஞ்சியும் கொடுக்கவில்லை, அந்தத் தங்கமான மனுஷன்.