துஷ்டி வீட்டில் வாசித்த ஹெட்போன்

நான் படித்தவன். கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன். ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்குவதென்றால்கூட பத்துப் பேர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுத்தான் வாங்குவேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். கதையைக் கேட்டபின் சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

கல்யாணமான ஆறாவது மாதம் ஒரு ஹெட்போன் வாங்கினேன். நாகர்கோவில் வெக்கையில், காதை இறுக்கி மூடுகிற சாதாரண ஹெட்போனை அரை மணி நேரம் போட்டிருந்தால் காதுக்குள் இட்லி அவிக்கலாம். அதனால் மூன்று வாரம் சாப்பாடு தூக்கம் மறந்து ஆராய்ச்சி செய்து, ஓப்பன் பேக் என்கிற பின்பக்கம் திறந்த வகைதான் எனக்கு என்று கண்டுபிடித்தேன். அதில் காதுக்கு வெளிப்பக்கம் மூடி கிடையாது, வெறும் கம்பி வலைதான். காற்று போய் வரும். பாட்டு மண்டைக்குள் கேட்காது, எதிரே ஆள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி கேட்கும். திருவனந்தபுரம் வரைக்கும் போய், கடையில் இரண்டு மணி நேரம் மாட்டிப் பார்த்து வாங்கினேன். பில் போடும்போது கடைக்காரர், இதில் உள்ளே ஓடுகிற பாட்டு வெளியே கேட்கும், வெளிச்சத்தம் உள்ளே கேட்கும், தெரியும்தானே என்று விசாரித்தார். யாரிடம் கேட்கிறார் பாருங்கள். எல்லாம் தெரியும் என்று ஒரு தலையாட்டு.

இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் விடுவேனா? வீட்டுக்கு வந்ததும் மனைவி சுபாவின் தலையில் மாட்டி, அவளுக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, நான் இரண்டடி தள்ளி நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்றுமே கேட்கவில்லை. கடைக்காரர் சும்மா பயம் காட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். சுபா தாலாட்டு மாதிரியான பாட்டை, அதையும் முணுமுணுப்பாக வைத்துக் கேட்பவள். நானோ கோவில் கொடைத் திருவிழாவில் வாசிக்கிற நையாண்டி மேளத்தை, பம்பையும் உறுமியுமாக, முழுச் சத்தத்தில் கேட்பவன். இந்த வித்தியாசம் என் ஆராய்ச்சிக்குள் வரவே இல்லை.

இனி மாமனார். எங்களுடையது காதல் கல்யாணம். அவர் சம்மதித்தார், முன்னால் நின்று நடத்தினார், எல்லாம் சரி. என்னிடம் மட்டும் பேசமாட்டார். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். “அவருக்கு மோரு வேணுமான்னு கேளுட்டி” என்று சுபாவிடம் சொல்வார். வேணும் என்று நான் சுபாவிடம் சொல்வேன். சுபா அவரிடம் சொல்வாள். மோர் வந்து சேர்வதற்குள் தாகமே போய்விடும். அந்த மனுஷன் வாயால் ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து ‘மருமவனே’ என்று கூப்பிட்டுவிட வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

அப்போதுதான் சுபாவின் பெரியப்பா தவறிப்போனார். மாமனாரின் அண்ணன். சுசீந்திரத்தில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தன. சாவு விழுந்த வீட்டை எங்கள் பக்கம் துஷ்டி வீடு என்போம். பதினாறாம் நாள் சடங்கு முடிகிற வரைக்கும் அங்கே டிவி கிடையாது, பாட்டு கிடையாது, உரக்கப் பேச்சுகூடக் கிடையாது. நான் லேப்டாப்பையும், ஆபீஸ் மீட்டிங்குக்கு வேண்டும் என்று புளுகி ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்த் தங்கினேன்.

நல்ல பெயர் வாங்க இதைவிடத் தோதான இடம் ஏது? விடியுமுன்னே வடசேரிச் சந்தைக்குப் போய் இலைக்கட்டும் காய்கறியும் தூக்கி வந்தேன். பந்தலுக்குக் கயிறு பிடித்தேன். வந்தவர்களுக்கெல்லாம் சாயா கொடுத்தேன். நாலாம் நாள், மாமனார் யாரிடமோ “ஆளு பரவால்ல, வேல செய்யக்கூடியவன்தான்” என்று சொன்னதாகச் சுபா மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி.

ஐந்தாம் நாள் மத்தியானம். சாப்பாடு முடிந்து வீடே அசந்து கிடந்தது. ஹாலை ஒட்டிய சின்ன அறைக்குள் போனேன். அதற்குக் கதவு கிடையாது, திரைதான். பாட்டுக் கேட்டு ஐந்து நாளாகியிருந்தது. ஹெட்போனைப் போனில் சொருகி, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாய்ந்தேன். மின்விசிறிச் சத்தம் வலை வழியாக உள்ளே வந்தது. அதை அமுக்க மேளத்தைக் கூட்டினேன். விசிறி விடவில்லை. இன்னும் கூட்டினேன். யாராவது வந்தால் பேச்சுச் சத்தம் கேட்குமே, உடனே கழற்றிவிடலாம் என்பது என் கணக்கு.

துஷ்டி வீட்டுக்கு வருகிறவர்களை யாரும் ‘வாங்க’ என்று சொல்லமாட்டார்கள் என்பதை எப்படித்தான் மறந்தேனோ. செருப்பை வாசலில் விடுவார்கள், பேசாமல் உள்ளே வருவார்கள், பேசாமல் உட்காருவார்கள். அப்படித்தான் அஞ்சுகிராமத்திலிருந்து பெரியப்பாவின் சம்பந்தி வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு அவர்களுக்கு எதிரே. பெரியப்பாவின் மனைவி பெரியம்மை மூலையில். ஒரு குண்டூசி விழுந்தால் கேட்கிற அமைதியில் என் பம்பைக்காரன் உச்சத்துக்குப் போயிருக்கிறான்.

ஒரு உருப்படி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையே கொஞ்சம் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் மாமனாரின் குரல் வலை வழியாகத் தெளிவாக வந்தது.

“துஷ்டி வீட்டுல மேளம் வச்சிக் கேக்கது எவம்லே?”

எனக்கு ரத்தம் கொதித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கொதித்தது. என் மாமனார் வீட்டில், அதுவும் துக்கத்தில், எந்த மானங்கெட்டவன் இந்த வேலையைச் செய்கிறான்? இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் மனுஷன் என்னிடம் பேசாமல் என்ன செய்வார்? ஹெட்போனைக் காதிலிருந்து கழுத்துக்கு இறக்கிவிட்டுத் திரையை விலக்கி வெளியே பாய்ந்தேன். பாட்டை நிறுத்தினேனா? இல்லை. அடுத்த உருப்படி நாதஸ்வரத்தோடு தொடங்கியது.

“மாமா, நீங்க இரிங்க. யாருன்னு நான் பாக்கேன்” என்றேன். எனக்கும் மேளம் கேட்டது. பக்கத்திலேயே கேட்டது. எல்லாரும் அவரவர் போனை எடுத்துத் தரையில் வையுங்கள் என்று அதிகாரமாகச் சொன்னேன். துக்கம் கேட்க வந்த பெரிய மனுஷர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வைத்தார்கள். ஒவ்வொரு போன் மேலேயும் குனிந்து பார்த்தேன். எந்தப் போனிடம் போனாலும் அதில்தான் கேட்கிற மாதிரி இருந்தது. ஜன்னலுக்குப் போனேன். அங்கும் கேட்டது. அப்படியானால் பக்கத்து வீடுதான். முற்றத்துக்கு ஓடிப்போய், மதிலுக்கு அந்தப்புறம் பனியனோடு தூங்கிக்கொண்டிருந்த ரிட்டயர்டு வாத்தியாரை எழுப்பி, துஷ்டி வீட்டுப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் நாகரிகம் வேண்டாமா என்று கேட்டேன். அவர் என் கழுத்தையே பார்த்தபடி வாயைத் திறந்தார், மூடினார். (நான் சோதித்துப் பார்த்து, சத்தம் வெளியே வராது என்று முடிவு கட்டிய பொருள். அதைப் போய் நான் ஏன் சந்தேகப்படவேண்டும்?)

திரும்பி உள்ளே வந்ததும் அஞ்சுகிராமத்துப் பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, நீரு வெளிய போனா மேளமும் வெளிய போவுது. உள்ள வந்தா உள்ள வருது. ஒம்ம கழுத்துல கெடக்கது என்னவாக்கும்?”

சுபா எங்கிருந்தோ வந்து என் சட்டைப் பையில் கையை விட்டுப் பாட்டை நிறுத்தினாள். அந்த அமைதி இருக்கிறதே, அதுவரை நான் கேட்ட எந்த மேளத்தையும்விடப் பெரிதாகக் கேட்டது. பூமி பிளந்தால் குதித்துவிடலாம் போலிருந்தது.

அப்போது மூலையில் பெரியம்மை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐந்து நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், ஒரு வார்த்தை பேசாமல் கிடந்தவள். ஐயோ, இப்போதுதான் உடைந்துவிட்டாள் என்று பெண்களெல்லாம் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள். முந்தானையை விலக்கிப் பார்த்தால், அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் வழியச் சிரிக்கிறாள். ஒப்பாரி பாதியில் நின்றது.

“அஞ்சு நாளா மூச்சு முட்டிக்கிட்டுக் கெடந்தேன் மக்கா” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம்தான் அவளுக்கு உண்மையான அழுகை வந்தது. எனக்கும் வந்தது.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அதோடு சுபா வழியாக வந்துகொண்டிருந்த பேச்சும் நின்றது. மோர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு வருஷம் அப்படியே ஓடியது. அந்த வீட்டுக்குப் போனால் நான் புகைப்படத்தில் இருக்கிற ஆள் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.

அடுத்த வருஷம் சுபாவின் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, மேளக்காரர்கள் வந்த வேன் டயர் வெடித்து வழியில் நிற்பதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறிவிட்டது. மேளம் இல்லாமல் எப்படித் தாலி கட்டுவது? மாமனார் மண்டபத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வேர்த்து ஊற்றியது. திடீரென்று நின்று, என்னைப் பார்த்து நேராக நடந்து வந்தார். சுபா பக்கத்தில்கூட இல்லை.

“மருமவனே” என்றார். “அந்தச் சாதனத்த எடுத்துக் கழுத்துல மாட்டிட்டு, மண்டபத்த ரெண்டு சுத்து சுத்தி வாரும்.”

முகத்தில் சிரிப்பே இல்லை. அஞ்சுகிராமத்துப் பெரியவர்தான் முதலில் வெடித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது, மாப்பிள்ளை வீட்டார் உட்பட. நான் அழுதுகொண்டே சிரித்தேன். காரிலிருந்து ஹெட்போனை எடுத்துவந்து கழுத்தில் போட்டு, முழுச் சத்தம் வைத்து, நிஜமாகவே சுற்றினேன். ஐந்நூறு பேர் பேசுகிற மண்டபத்தில் ஒரு ஈக்குக்கூட அது கேட்கவில்லை. மாமனார் கிட்டே வந்து காதை வைத்துப் பார்த்துவிட்டு, “துஷ்டி வீட்டுல தெருவுக்கே கேட்டுது. கல்யாண வீட்டுல எனக்கே கேக்கல்ல. என்ன சாதனம்வே வாங்கி வச்சிருக்கீரு?” என்றார். நல்லவேளை, மேளக்காரர்கள் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் சொந்தத்தில் யார் தவறிப்போனாலும் மாமனார் சுபாவுக்குச் சொல்வதில்லை. நேராக எனக்குத்தான் போன் செய்கிறார். யார், எப்போது, எங்கே என்று சொல்லி முடித்துக் கொஞ்சம் நிறுத்துவார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மருமவனே, ஒடனே பொறப்பட்டு வாரும். அத வீட்டுல வச்சிப் பூட்டிட்டு வாரும்” என்பார்.