ஓகேவின் கடைசிப் பொருள்

மகளிடமிருந்து அவளுக்கு 'ஓகே' என்று பதில் வந்திருந்தது. அவ்வளவுதான். முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. ஒரு பூ, ஒரு இதயம், ஒரு சிரிக்கும் முகம்கூட இல்லை.

'இன்னிக்குச் சாயங்காலம் வந்து ஒரு வாரம் உன்கூட இருக்கட்டுமா?' என்று கேட்பதற்கு அவள் எத்தனையோ நாள் தயங்கியிருந்தாள். கல்யாணமான மகள் வீட்டில் போய்த் தங்குவது இதுதான் முதல் தடவை. அதற்கு இரண்டெழுத்துப் பதில்.

வேறு யாராக இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அவள் வேலை பார்ப்பது அகராதி அலுவலகத்தில். எந்தச் சொல்லையும் வயிற்றைக் கீறி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவளால் விட முடியாது. போதாக்குறைக்கு, புதிய ஆங்கில-தமிழ் அகராதியில் 'ஓகே'வுக்குப் பொருள் எழுதியதே அவள்தான். சம்மதம். அனுமதி. பரவாயில்லை. சுமார். புரிந்தது. கடைசியாக, 'இத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளலாம்'. அந்தக் கடைசிப் பொருளைச் சேர்ப்பதற்காகப் பக்கத்து இருக்கைக்காரரோடு ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டு ஜெயித்திருந்தாள்.

இப்போது அவரிடமே போனை நீட்டினாள். எதைக் கொடுத்தாலும் அடிக்குறிப்பு போடுவதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே அடிக்குறிப்பு.

"இதுல என்ன இருக்கு மேடம்? வான்னு சொல்லியிருக்கு பொண்ணு."

"வான்னு சொல்லல சார். ஓகேன்னு சொல்லியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்!"

"அன்னிக்குப் பூரா அதைத்தானே மேடம் சொன்னேன்?"

அவள் முந்தைய நாள் வந்த பதிலைத் தேடி எடுத்துக் காட்டினாள். 'சாப்ட்டீங்களாம்மா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா? முட்டி வலி எப்படி இருக்கு? மாடிப்படி ஏறாதீங்க.' கூடவே ஒரு வரிசை இதயம். வீட்டில் இருந்தவரை 'வா, போ' என்று பேசிய பெண், கல்யாணத்துக்குப் பிறகு எவ்வளவு பக்குவப்பட்டுவிட்டாள் என்று பூரித்துப்போய், அக்கா வரை காட்டியாகிவிட்டது. அப்படிப்பட்டவள் இன்று வெறும் ஓகே என்றால்?

'உனக்குச் சிரமமா இருந்தா நான் வரல கண்ணு' என்று அனுப்பினாள்.

'ஓகே.' என்று உடனே வந்தது.

"புள்ளி வச்சிருக்கு சார்."

"புள்ளியா?" அடிக்குறிப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அப்ப இது கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான்."

அவர் யோசிக்க ஆரம்பித்ததும் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். 'கோவமா?' என்று கேட்டு அனுப்பினாள்.

'ஓகேம்மா ஓகே.'

"கோவமான்னு கேட்டா ஓகேன்னா என்ன சார் அர்த்தம்? ஆமா, கோவம்தான்னா?"

"அந்தப் பொருள் நாம எழுதலயே மேடம்" என்று அவர் பென்சிலைத் தேடினார். "சேத்துடலாமா?"

அவள் எழுந்துபோய் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"என் மருமகளும் இப்படித்தான்டி ஓகே ஓகேன்னு இருந்தா. அப்புறம் ஒரு நாள் வாசல் பூட்டையே மாத்திட்டா."

"ஐயோ! எதுக்கு?"

"பூட்டு ரிப்பேர்னு சொன்னா. யாரு கண்டா?"

"இப்ப நான் என்னக்கா பண்றது?"

"நேர்ல போய்ப் பாரு. ஆனா பெட்டியோட போகாத, டேரா போட வந்த மாதிரி இருக்கும். வெறுங்கையோடயும் போகாத, கோவிச்சுக்கிட்டு வந்த மாதிரி இருக்கும்."

அவள் அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து, ஒரு வாரத்துத் துணியை ஒரு கைப்பைக்குள் திணித்தாள். ஜிப் மூடவில்லை. நைட்டியின் கை ஒன்று வெளியே தொங்கி வழியெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டு வந்தது. சொல்லுக்குப் பொருள் சொல்லும் வேலைக்குத் தான் வந்ததே மனிதர்கள் சொல்வது புரியாததால்தானோ என்று பஸ்ஸில் ஒரு சந்தேகம் எழுந்தது. அதை அவள் மேற்கொண்டு ஆராயவில்லை. இறங்கும் இடம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை கதவைத் திறந்தார். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி. திரைகளெல்லாம் இழுத்து மூடியிருந்தன.

"வாங்க அத்தை. பாத்து, வாசல்ல செருப்பு கிடக்கும்."

அழுதிருக்கிறார். அதை மறைக்கத்தான் கண்ணாடி. தன்னால் இந்த வீட்டில் சண்டை.

உள்ளறையில் மகள் காதில் ஹெட்போனோடு யாரிடமோ "ஓகே, ஓகே" என்று பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். கட்டைவிரலுக்கு அகராதியில் இடம் கிடையாது.

அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க மாப்பிள்ளை. நான் வர்றது அவளுக்குப் பிடிக்கலதானே?"

"யாரு சொன்னா? மத்தியானமே உங்களுக்குன்னு பின் ரூமைப் பெருக்கி, மெத்தை உறையெல்லாம் மாத்தி வச்சிட்டா. 'அம்மா வர்றாங்க, வர்றாங்க'ன்னு என்னை ஒரு இடத்துல உக்கார விடல."

"அப்ப நீங்க ஏன் அழுதீங்க?"

"அழுதேனா? நானா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்பாப்பா பெரிதாக விரிந்து நீரில் மிதந்தது. "கண் டாக்டர்கிட்ட போனேன் அத்தை. காலைல சொட்டு மருந்து விட்டாங்க. இன்னிக்குப் பூரா கண்ணுக்கு ஒரு எழுத்தும் தெரியாது."

அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் முழுதாக வரவில்லை.

"அப்படின்னா நேத்து வரைக்கும் மாத்திரை போட்டீங்களா, முட்டி வலிக்குதான்னு அவ்வளவு பாசமா எழுதினவ, இன்னிக்கு மட்டும் ஏன் வெறும் ஓகேன்னு போட்டா?"

மாப்பிள்ளை சாத்திய கதவைப் பார்த்தார். சோபாவின் கையைத் தடவிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க அத்தை. இன்னிக்குத்தான் அவளே பதில் போட்டா."