பெட்டரியை வெயிலில் காயப்போட்டவள்

கார் ஓட்டத் தெரிந்தவளுக்குக் காரைப் பற்றி எல்லாமே தெரியும் என்று நம்புகிற குடும்பத்தில் ஒரு பெண் வாழ்க்கைப்படக் கூடாது. நான் வாழ்க்கைப்பட்டேன். அதைவிட மோசம், கொஞ்ச நாளில் நானும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

நான் நுவரெலியாவில் வளர்ந்தவள். பனி கொட்டும் காலைகளில் அப்பாவின் கார் ஒரு தடவையாவது உடனே ஸ்டார்ட் ஆனதாக எனக்கு ஞாபகமில்லை. "குளிர்ல பெட்டரி செத்துப் போச்சு" என்று அப்பா பொனட்டைத் திறந்து வைத்துவிட்டு வெயிலுக்காகக் காத்திருப்பார். இதிலிருந்து சின்ன வயதிலேயே ஒரு விஞ்ஞான முடிவுக்கு வந்திருந்தேன்: பெட்டரிக்குக் குளிர்தான் எமன், வெயில்தான் மருந்து. (நான் பின்னாளில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது சங்கீதம். விஞ்ஞானமில்லை. இதை யாராவது அப்போதே எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்.)

கல்யாணமாகிக் கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைக்கு வந்தபோது ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினோம். என் கணவர் கார் ஓட்ட மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வருவதற்கே கண்ணை மூடிக்கொள்கிற மனிதர். ஆகவே அந்தக் காருக்கு நானே சாரதி, நானே வைத்தியர்.

அந்த வருஷம் பங்குனியில் கண்டி கொதித்தது. பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்கள் மரநிழலுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு காரை நிறுத்துவார்கள். நான் மட்டும் மைதானத்தின் ஓரத்தில், பொட்டு நிழல்கூட இல்லாத இடமாகப் பார்த்து, வடகம் காயப் போடுவதுபோலக் காரைக் காயப்போடுவேன். "பெட்டரிக்கு நல்லது" என்று அறிவுரை வேறு. கேட்டவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அவ்வளவு தீர்க்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டரி பாவம், தனக்கு முடியவில்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தது. காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் காய்ச்சல்காரனைப்போல முனகியது. ஹோர்ன் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியது. பெட்டரியின் தலையில் வெள்ளையும் பச்சையுமாக ஏதோ மாவு பூத்தது. துடைத்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டேன். பிறகு நாற்றம் ஆரம்பித்தது.

"மாலதி, கார்ல அழுகின முட்டை நாத்தம் வருதே" என்றார் கணவர்.

"நீங்க கார்ல வச்சு முட்டை ரோல்ஸ் சாப்பிடுறீங்கல்ல? அதான்."

அன்றிலிருந்து மனிதர் முட்டையையே விட்டுவிட்டார். நாற்றம் விடவில்லை.

பெட்ரோல் ஷெட்டில் ஒருவர், "மிஸ், பெட்டரிக்குத் தண்ணி பாக்கிறதில்லையா?" என்று கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மூடிகளைத் திறந்து பார்த்தேன். உள்ளே வறண்டு கிடந்தது. வெயிலில் வற்றினால் அதற்கென்று விற்கிற சுத்தத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நாங்கள் குடிப்பதற்காகக் கொதிக்கவைத்து, வடித்து, ஆற வைத்திருந்த தண்ணீரை வழிய வழிய ஊற்றினேன். "நாம குடிக்கிற தண்ணி. பெட்டரிக்கு மட்டும் ஆகாதா?" முட்டைக்குப் பிறகு கணவர் பதில் சொல்வதையே குறைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் கார் சாவிக்கு மசியாமல் போனது. ஆனால் கண்டியில் ஒரு வசதி, எங்கே பார்த்தாலும் பள்ளம். காரைச் சரிவில் நிறுத்தி, உருளவிட்டு, இரண்டாம் கியரில் போட்டு க்ளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். புதுப் பெட்டரி வாங்க வேண்டிய நான் சரிவுகளைத் தேட ஆரம்பித்தேன். காய்கறிக் கடை, கோயில், தையல்காரி எல்லாமே சரிவைப் பார்த்துத் தீர்மானமாயின. கெட்டிக்காரப் பல் வைத்தியர் சமதரையில் இருந்தார். நாங்கள் பள்ளத்தில் இருந்தவரிடம் போனோம். என் கணவருக்கு நல்ல பல்லைப் பிடுங்கியவர் அவர்தான்.

இந்த நிலைமையில் சித்திரையில் என் நாத்தனார் கோமதிக்குக் கல்யாணம் வந்தது. மாமனார் வீடு கலஹாவில். மாப்பிள்ளை ரவி கம்பளைக்காரர். மண்டபம் கண்டியில். பெண்ணுக்கு வாடகைக் கார் பேசலாம் என்றார் மாமனார்.

"நம்ம கார் இருக்கும்போது வாடகைக் கார் எதுக்கு மாமா?" என்றேன் நான். (அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.)

கல்யாணத்தன்று கோமதியின் அலங்காரம் பேராதனை வீதியில் ஒரு சலூனில். அந்தச் சலூனுக்குப் பக்கத்தில் அருமையான சரிவு ஒன்று உண்டு, முதல்நாளே போய்ப் பார்த்து வைத்திருந்தேன். போனால் அங்கே ஒரு லொறி நின்றது. டிரைவரைக் காணோம். கிடைத்த இடம் பலகை மாதிரிச் சமதரை. மாமியாரும் கணவரும் உள்ளே போய்விட்டார்கள். நான் மட்டும் எஞ்சினை நிறுத்திவிட்டு, புழுக்கம் தாங்காமல் காற்றாடியை முழு வேகத்தில் போட்டு, மண்டபத்தில் பாடவிருந்த பாட்டைக் கெசட்டில் ஓடவிட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். கெசட் மெல்ல மெல்ல இழுத்து, பாடகியின் குரல் ஆண் குரலாக மாறியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கெசட்தான் பழசு என்று நினைத்தேன்.

கோமதி தேர் மாதிரி வந்து பின்சீட்டில் ஏறினாள். மாமியார் பக்கத்தில். கணவர் முன்னால், கண்ணை மூடிக்கொண்டு.

சாவியைத் திருப்பினேன். டிக்.

மறுபடி. டிக்.

"அண்ணி, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல கோமு. நீ வேர்க்காம இரு."

"முகூர்த்தம் போயிடும்டி!" என்றார் மாமியார். "வாடகைக் கார் புடிப்போம்னு அவர் சொன்னாரா இல்லையா? சொன்னாரா இல்லையா?" அந்தக் கேள்வியை அவர் எத்தனை தடவை கேட்டார் என்பதை நான் எண்ணவில்லை. எண்ணுகிற நிலைமையில் இல்லை.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் பெட்ரோல் இருக்கிறதா என்றார். ஒருவர் டயரை உதைத்துப் பார்த்தார். எதிர்த் துணிக்கடை முதலாளி, ஊரே நானா என்று கூப்பிடுகிறவர், வந்து, "பொனட்டத் தொறங்க புள்ள" என்றார். திறந்தேன். பெட்டரி நாலு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றது.

"யா அல்லாஹ்! இது என்ன, மாசமா ஈக்குது?" என்றார் நானா. "எங்க நிப்பாட்டுற நீங்க இந்தக் கார?"

"வெயில்ல" என்றேன். பெருமை கொஞ்சம் மிச்சமிருந்தது.

நானா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சூட்டுல வெந்து போயிருக்கு. இதுக்கு வேற கார்லேந்து வயர் குடுக்க ஏலா, வெடிச்சிரும். தள்ளத்தான் வேணும்."

பாரம் குறைய மாமியாரும் கணவரும் இறங்கினார்கள். கணவரும் நானாவும் தள்ளினார்கள். கார் ஆமையைப்போல நகர்ந்து நின்றது. அந்த நேரத்தில்தான், கம்பளையிலிருந்து மண்டபத்துக்குப் போகிற வழியில், பின்னால் இன்னொரு பூ வைத்த கார் வந்து நின்றது. எங்கள் காரின் முதுகில் 'கோமதி - ரவீந்திரன்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்த ரவீந்திரனே பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக இறங்கி வந்தார்.

"ஐயோ, மாப்பிள்ளை இப்ப பொண்ணப் பாக்கக் கூடாது!" என்று மாமியார் தன் தோளில் கிடந்த துவாய்த் துண்டை எடுத்து ஜன்னல் வழியாகக் கோமதியின் தலைமேல் போட்டார். ஆயிரம் ஊசி குத்தி நிறுத்திய கொண்டை அதோடு சரிந்தது.

"அக்கா, நீங்க கியர்ல போடுங்க, நாங்க தள்ளுறோம்" என்றார் மாப்பிள்ளை. வேட்டியை மடித்துக் கட்டி, கூட்டாளிகளோடு தோளைக் கொடுத்தார்.

கார் ஓடியது. க்ளட்சை விட்டேன். இருமியது, குலுங்கியது, பிடித்துக்கொண்டது! அவ்வளவுதான், நான் நிற்கவில்லை. நின்றால் செத்துவிடும். கண்ணாடியில் பார்த்தால் மாப்பிள்ளை ஒரு கையில் வேட்டியும் மறு கையில் தலைப்பாகையுமாக ஓடி வருகிறார். அவருக்குப் பின்னால் மாமியார் கையை ஆட்டிக் கத்துகிறார். என் கணவர் மட்டும் ஓடவில்லை. தெருவோரம் நின்று, கண்ணைத் திறந்து, நிம்மதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தியில் பொலிஸ்காரர் கையைக் காட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்து, பின்சீட்டில் துவாய் மூடியிருந்த பெண்ணைச் சுட்டிக் காட்டினேன். அவர் என்ன நினைத்தாரோ, பயந்து வழிவிட்டார்.

முகூர்த்தம் தப்பவில்லை. ஆனால் மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்தபோது வேர்வையில் குளித்திருந்தார், உள்ளங்கை இரண்டும் கறுப்பு. ஐயர் தர்ப்பை மாட்டப் போய்க் கையைப் பார்த்துத் திடுக்கிட்டார். விஷயம் பந்தல் முழுக்கப் பரவியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்வரிசையில் எழுந்து நின்று கேட்டார்:

"என்னப்பா ரவி, தாலி கட்டறதுக்கு முன்னாடியே பொண்ணத் தள்ளிக்கிட்டு வந்துட்டியாமே!"

நாதஸ்வரக்காரர் சிரித்ததில் சுருதி போய்விட்டது. நான் பாடவேண்டிய பாட்டை யாரும் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இப்போது நானும் நிழல் தேடி அடித்துப் பிடிக்கிற ஆசிரியைதான். எஞ்சின் ஒரு தடவை முனகினால் போதும், பெட்டரிக் கடையில் நிற்பேன். கணவர் முட்டைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் கோமதி வீட்டில் அந்தப் பேச்சு மட்டும் ஓயவே இல்லை. அதைக் கேட்டே வளர்ந்த அவளுடைய மகள், வகுப்பில் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னபோது எழுந்து, "எங்க அப்பா அம்மாவத் தள்ளிக்கிட்டு வந்துதான் கல்யாணம் கட்டினாரு" என்று உரத்துச் சொல்லியிருக்கிறாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போன கோமதியை டீச்சர் தனியாகக் கூப்பிட்டு, "பரவாயில்லம்மா, எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே. பெரியவங்க இப்ப சமாதானமாயிட்டாங்களா?" என்று இரக்கத்தோடு விசாரித்தாராம்.

விளக்கம் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. "பெரியவங்களுக்குத் தெரிஞ்சுதான் நடந்திச்சு டீச்சர்" என்றாளாம். "எங்க அண்ணிதான் கார் ஓட்டினாங்க."

அந்த டீச்சரை இன்றைக்கும் கண்டிச் சந்தையில் காண்கிறேன். நான்தான் அந்த அண்ணி என்று அவருக்குத் தெரியும். மரியாதையாகச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே, பக்கத்தில் நிற்கிற, வயசுக்கு வந்த தன் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.