லாகோஸிலிருந்து ஒரு மணி நேரம்

கைபேசி அடித்தபோது ஒகேஸி லாகோஸிலிருந்து எனுகு நகரத்துக்குப் போகும் பேருந்தில், பக்கத்து சீட்டு அம்மாளின் கோழிக்கூடையை முழங்காலில் தாங்கிக்கொண்டிருந்தான்.

"பிளேன் ஏறியாச்சா மாப்ள?" எனுகுவிலிருந்து இலோகா. வருங்கால மாமனார்.

போன வாரம் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. கிறிஸ்துமஸுக்குப் பெண் கேட்டு வருகிறேன் என்றவனிடம், பஸ்ஸா பிளேனா என்று விசாரித்தார் இலோகா. லாகோஸில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன் பஸ் என்றால் பெண் கிடைக்குமா? "பகல் பூரா குலுங்கிட்டு வர நான் என்ன வெங்காய மூட்டையா மாமா? காலை பிளேன். ஒரு மணி நேரம்" என்று அளந்துவிட்டான். பண்டிகை டிக்கெட்டின் விலையைக் கேட்டதும் சத்தமில்லாமல் இரவுப் பேருந்துக்குச் சீட்டு வாங்கினான். இரவுப் பேருந்து விடிந்துதான் கிளம்பியது.

"கொஞ்சம் லேட்டாகுது மாமா."

விமானம் தாமதம் என்றால் அந்த நாட்டில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. இலோகாவும் கேட்கவில்லை. விமான நிலையத்துக்கே வந்து நிற்பதாகச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று ஒகேஸி கெஞ்சியது அவர் காதில் ஏறவில்லை.

அடுத்த அழைப்பின்போது பேருந்துக்குள் ஒரு மருந்து வியாபாரி எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"பிளேன்ல யாரு மாப்ள மூலத்துக்கு மருந்து விக்கிறது?"

"பக்கத்து சீட்டு டாக்டர் மாமா. போனை அணைக்கச் சொல்றாங்க." கோழி கொக்கரிப்பதற்குள் அணைத்தான்.

நைஜர் ஆற்றுப் பாலத்து நெரிசலில் பயந்துகொண்டே கைபேசியை உயிர்ப்பித்தான். உடனே அடித்தது.

"லாகோஸ் பிளேன் வந்து, எல்லாரும் பெட்டியோட வெளிய வந்துட்டாங்க. உங்களத்தான் காணோம்."

தன் விமானம் வேறு என்றான். பாதி வழியில் திரும்பிவிட்டது, மறுபடி கிளம்பப்போகிறது என்றான். ஒரு மணி நேரப் பயணத்தை ஒரு பகலுக்கு இழுத்துப் பறக்கவிடுவது லேசுப்பட்ட வேலையில்லை.

"பரவால்ல மாப்ள. வெயில்ல நின்னு காலு வீங்கிடுச்சு, அவ்வளவுதான். நீங்க வராம நான் நகர மாட்டேன்."

ஒகேஸிக்கு உடம்பு கூசியது. வாடிக்கையாளனிடம் பழைய பாகத்தைப் புதிது என்று தள்ளிவிட்டபோதுகூட இப்படிக் கூசியதில்லை. அது வியாபாரம். இது, பெண்ணைத் தரப்போகிற மனுஷனைச் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் வெயிலில் நிறுத்திவைத்தது. இவர் மகளை எந்த முகத்தோடு கேட்பது? கோழிக்கூடை அம்மாள் நீட்டிய ரொட்டியையும் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தான்.

எனுகுவில் இறங்கியதும் ஆட்டோ பிடித்து விமான நிலையத்துக்கு விரட்டச் சொன்னான். பயணிபோல நடித்து வெளியே வரும் எண்ணமெல்லாம் போய்விட்டது. நேராகக் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. அப்புறம் பெண் தருவதும் தராததும் அவர் இஷ்டம்.

வாசலில் காவலாளி மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஒகேஸி மூச்சு வாங்க அவனிடம் போய், லாகோஸ் விமானத்துக்காகக் காலையிலிருந்து ஒரு பெரியவர் வெயிலில் நிற்கிறாரே, மயங்கிகியங்கி விழுந்துவிட்டாரா என்று கேட்டான்.

காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"தூசி மூட்டம்னு ரெண்டு நாளா இங்க ஒரு பிளேனும் இறங்கலையே அண்ணே. காலையிலேருந்து இந்த வாசலுக்கு வந்த மொத ஆளே நீங்கதான்."